ரிப்போட் நோர்மல் எண்டா குடிக்கலாம் எண்டு அர்த்தமில்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை மணிக்கூட்டுக் கோபுரத்தடித் தேத்தண்ணிக் கடையில இருக்கேக்க பக்கத்து மேசையில ரெண்டு பேர் கதைச்சது காதில விழுந்துது, ஒராள் ஈரல் வருத்தத்துக்கு ஏழெட்டு மாசம் மருந்தெடுத்து இப்ப சுகமாம், மற்றவர் சொல்றார் "அப்ப இனிப் பிரச்சினை இல்ல, சாராயத்தை விட்டுட்டு பியரை எடுங்கோ, கொஞ்சம் எடுத்தா ஒண்டும் செய்யாது" எண்டு. நான் எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கோணும், சொல்லேல்ல. வீட்ட வந்தும் மனசு கேக்கேல்ல, அதான் எழுதுறன். ஏனெண்டா அதே கதையை ஒருக்கா நானும் சொல்லியிருக்கிறன்.

சொன்னது என்ர அத்தானுக்கு, அக்காவின்ர புருசன். திருக்கடலூர்ல கடல்தொழில். மூண்டு வருசத்துக்கு முந்தி அவருக்கு வயித்தில தண்ணி கட்டி, கால் ரெண்டும் வீங்கி, கண்ணும் மஞ்சளாகிட்டுது. நாங்கள் செங்கமாரி எண்டு நினைச்சு கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுத்து ரெண்டு கிழமையை வீணாக்கினம். பிறகுதான் வாட்டில போட்டு ஊசி குத்தி வயித்துத் தண்ணி எடுத்து, ஸ்கான் பாத்திட்டு சிரோசிஸ் எண்ட ஈரல் வருத்தம் எண்டு சொன்னவை. உப்பைக் குறைக்கச் சொன்னவை, கருவாடு இல்லாமச் சோறு இறங்காத மனுசன் கருவாட்டை விட்டார், குடியையும் விட்டார். பதினொரு மாசம் தொடேல்ல. வீக்கம் வத்தி முகம் தெளிஞ்சு திரும்பக் கடலுக்கும் போனார். கிளினிக்கில ரத்த ரிப்போட்டைப் பாத்த டொக்டர் "நோர்மலா இருக்கு, இப்பிடியே இருங்கோ" எண்டவர். நாங்கள் நோர்மல் எண்ட சொல்லை மட்டும் வீட்ட கொண்டுவந்தம், இப்பிடியே இருங்கோ எண்டதை அங்கயே விட்டிட்டு வந்திட்டம்.

அந்த நேரம்தான் என்ர மகளின்ர சாமத்தியவீடு வந்தது. மண்டபத்துக்குப் பின்னால ஆம்பிளையள் நிண்ட இடத்தில அத்தான் சோடாவோட நிண்டவர், மருமகளின்ர சாமத்தியவீட்டில மாமன் சோடா குடிக்கிறதோ எண்டு எல்லாரும் பகிடி. ஒரு ஸ்ட்ரோங் பியர் டின்னை உடைச்சு கிளாஸில ஊத்திக் குடுத்தது நான்தான். "பியர்தானே அத்தான்" எண்டும் சொன்னன்.

அண்டைக்கு அவருக்கு ஒண்டும் நடக்கேல்ல. அதுதான் வினையாப் போச்சு. ஒண்டும் செய்யேல்ல எண்ட தைரியத்தில அடுத்த கிழமை அவரே ஒரு டின் வாங்கினார், பிறகு கால் போத்தில் சாராயம், பிறகு ஒவ்வொரு நாளும், அக்காவுக்குத் தெரியாம. மூண்டாம் மாசம் ஒருநாள் விடியப்புறம் ரத்தமா வாந்தி எடுத்தார், பாத்ரூம் நிலமெல்லாம் ரத்தம். 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு, அது வந்து கொண்டுபோய், ரத்தம் ஏத்தி, வாய்க்குள்ளால கமரா விட்டு வீங்கி வெடிச்ச நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டித்தான் ஆளைக் காப்பாத்தினவை.

அப்பதான் அங்க ஒரு டொக்டர் என்னை இருத்தி வச்சு விளங்கப்படுத்தினவர், அதை உங்கட பேப்பர் வாசிக்கிற ஆக்களுக்கும் சொல்லோணும். சிரோசிஸ் எண்டா ஈரல் முழுக்கத் தழும்பு பிடிச்சு இறுகிப் போறது. எஸ்ஜிபிரி எண்டு ரிப்போட்டில வாற இலக்கம் ஈரல் கலங்கள் இப்ப அடிபடுதோ எண்டதைத்தான் காட்டுமாம், ஏற்கனவே விழுந்த தழும்பைக் காட்டாதாம். அதால நல்லாத் தழும்பு பிடிச்ச ஆளுக்கும் அந்த இலக்கம் நோர்மலா வரலாம். குடலில இருந்து வாற ரத்தம் இறுகின ஈரலுக்குள்ளால லேசாப் போகேலாம முட்டி, அமுக்கம் கூடி, சாப்பாட்டுக் குழாயின்ர அடியில உள்ள நாளங்கள் வீங்கி நிக்கும். குடி திரும்பத் தொடங்கினா அந்த அமுக்கம் இன்னும் ஏறும்.

சில பேர் ஈரல் வெட்டினாலும் வளரும்தானே எண்டு கேப்பினம். உண்மைதான், சொந்தக்காரருக்கு ஈரலில ஒரு துண்டு குடுத்த ஆளுக்கு மிச்சம் சில மாசத்தில வளர்ந்திடும், ஆனா அது நல்ல ஈரல். தழும்பு பிடிச்ச ஈரல் அப்பிடிப் புதுசா வராது. ராகம ஆஸ்பத்திரியில ஈரல் மாத்துற சத்திரசிகிச்சை செய்யினம், அதுக்குப் பிறகும் சீவியகாலத்துக்கு மருந்து குடிக்கோணும், குடியால ஈரல் போய் மாத்தின ஆள் ஒரு சொட்டும் தொடக்கூடாது. இன்னொராள் தந்த ஈரல் அது.

பியர் கதைக்கும் நான் கணக்குப் பாத்தன். ஸ்ட்ரோங் பியர் டின் 500 மில்லி, அதில 8.8 வீதம் அற்ககோல், அப்ப 44 மில்லி சுத்த அற்ககோல். சாராயம் 36 வீதம் மட்டில, 50 மில்லி பெக் ஒண்டில 18 மில்லிதான் வரும். ஒரு டின் ரெண்டு பெக்கையும் தாண்டுது. அண்டைக்கு நான் அத்தானுக்கு ஊத்தினது அவ்வளவு. கள்ளும் அற்ககோல்தான். இதில ஆக்கள் கவனிக்காத இன்னொண்டு அரிஷ்டம், அது புளிக்க வச்சுச் செய்யிற மருந்து, அதிலயும் அற்ககோல் இருக்கு, சிரோசிஸ் ஆள் டொக்டரைக் கேக்காம அதைக் குடிக்கக்கூடாது.

எல்லா ஈரல் வருத்தமும் ஒண்டில்ல எண்டதும் எனக்கு விளங்குது. ஹெபடைற்றிஸ் ஏ வந்து செங்கமாரி பிடிச்ச ஆளுக்குப் பெரும்பாலும் ஈரல் முழுசாத் தேறும், குடியால கொழுப்பு மட்டும் படிஞ்ச ஆளும் விட்டா சில கிழமையில தேறலாம். ஆனா வயித்தில தண்ணி கட்டினவை, ரத்த வாந்தி எடுத்தவை, புத்தி தடுமாறினவை, இவைக்குக் கொஞ்சம் எண்ட ஒரு அளவே இல்லை. சுகதேகிக்கே பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லிட்டுது, அப்ப இவைக்கு எப்பிடி இருக்கும். சிரோசிஸ் வந்த பிறகும் குடியை விட்டா ஆயுள் கூடும், அத்தானை வச்சே நான் அதைச் சொல்லுவன். ஆனா ஈரல் புற்றுநோய் வரக்கூடிய பயம் இருக்கிறதால ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கான் எடுக்கத்தான் வேணும், உடம்பு நல்லா இருக்கு எண்டு கிளினிக்கை விடக்கூடாது.

அக்காமாருக்கு ஒண்டு சொல்லோணும். ஒவ்வொரு நாளும் கனக்கக் குடிக்கிற ஆளை வீட்டுக்குள்ள பூட்டி வச்சு ஒரே நாளில நிப்பாட்டாதேங்கோ. கை நடுங்கி, வலிப்பு வந்து, ரெண்டு மூண்டு நாளில இல்லாததெல்லாம் தெரியிற மாதிரி மனம் குழம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில சொல்லி மருந்தோடதான் நிப்பாட்டோணும். வெக்கப்படுற விசயமில்லை, அக்கா வெக்கப்பட்டுத்தான் அந்த மூண்டு மாசமும் என்னட்டக் கூடக் கேக்கேல்ல.

கிளினிக் நடத்துறவையிட்டயும் ஒரு கேள்வி, இதெல்லாத்தையும் ஒரு பக்கத்தில தமிழில அடிச்சு வீட்ட போற ஆளின்ர கையில குடுக்கேலாதோ? ரிப்போட் முழுக்க இங்கிலீசில இருக்கு, டொக்டருக்கு ஒராளோட கதைக்க ரெண்டு மூண்டு நிமிசம்தான், கடலுக்குப் போற மனுசன் அதில எதைப் பிடிச்சுக்கொண்டு வருவார்.

அத்தான் இப்ப ஒரு வருசமாத் தொடுறேல்ல. வளையம் இன்னும் ரெண்டு தரம் போட்டவை. அடுத்த மாசம் எங்கட குடும்பத்தில கலியாணம் ஒண்டு இருக்கு, மண்டபத்துக்குப் பின்னால போத்தில் வைக்கிறேல்ல எண்டு நான் சொல்லிப்போட்டன், சொந்தத்தில ரெண்டு பேர் அதுக்கு என்னோட கோவிச்சுக்கொண்டு இருக்கினம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை