ஒன்பதாவது வளைவில் வந்த வாடை

பொள்ளாச்சி,
ஞாயிறு மாலை

மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், மருந்து, கறுப்புக் கண்ணாடி என்று வீடே அல்லோலகல்லோலம். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். முதல் வேலையாக என்னைப் பார்த்து, "என்னடா, தலையெல்லாம் இவ்வளவு நரைச்சிருக்கு?" என்றார். ஆபரேஷன் சக்சஸ்தான்.

உன் பைக் விஷயத்துக்கு வருகிறேன். "ஆக்சிலேட்டர் கொடுத்தா சத்தம் மட்டும் ஏறுது, வண்டி போகமாட்டேங்குது. மெக்கானிக் கிளட்ச் செட்டே மாத்தணும்ங்கிறார்" என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. மூன்று மாதம் முன்னால் நானும் அதே இடத்தில்தான் நின்றேன்.

பல்லடம் ரோட்டில் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணப் போனேன். டாப் கியர், 80-இல் போகிறேன், முறுக்கினேன். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் 4000-இலிருந்து சர்ரென்று 5500-க்குத் தாவியது. ஸ்பீடோ முள் 80-ஐ விட்டு நகரவில்லை. லாரி அது பாட்டுக்குப் போனது. நான்தான் ஏதோ கியரைச் சரியாகப் போடவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வால்பாறை. பின்சீட்டில் வீட்டுக்காரி, இரண்டு பக்கமும் பெட்டி. ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்தால் ஒவ்வொரு வளைவிலும் வெளியே வரும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி நடக்கிறது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, அதான் லோம்ஸ் வியூ, அங்கே நிறுத்தியபோது கருகின வாடை. பிரேக் வாடை மாதிரி இருந்தது, ஆனால் மேலே ஏறுகிறவனுக்கு எங்கிருந்து பிரேக் வாடை வரும்? மொத்தம் 40 வளைவு, பாக்கி 31. "நாம திரும்பிடலாமா?" என்றாள். அரை மணி நேரம் ஆறவிட்டு, அணையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இறங்கிவிட்டோம். ஆறினதும் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இங்கேயும் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கிளட்ச் பிளேட் போச்சுண்ணே" என்றார். போயிருக்கலாம்தான். ஆனால் 20,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. நான் கிளட்சை அரைப்பிடியில் வைத்து ஓட்டுகிற ஆளும் இல்லை. வீட்டுக்கு வந்து நிதானமாக உட்கார்ந்தேன்.

முதலில் செயினா என்று பார்த்தேன். செயின் பல் தாண்டினால் கடக் கடக் என்று அடி விழும், கிளட்ச் வழுக்கினால் சத்தமில்லாமல் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருக்கும். எனக்கு இரண்டாவதுதான். அப்புறம் கிளட்ச் லீவர். கையை வைத்தால் அது சும்மா 2, 3 மில்லிமீட்டராவது ஆடவேண்டும், அதற்குப் பிறகுதான் கேபிள் இழுக்கணும். எனக்கு ஆட்டமே இல்லை. அதாவது நான் கை வைக்காவிட்டாலும் யாரோ லேசாக லீவரைப் பிடித்துக்கொண்டே வருகிறார்கள். இன்ஜின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கடத்துகிற கிளட்ச் பிளேட்டுகளை ஸ்பிரிங்கால் முழுசாக இறுக்க முடியவில்லை, அதனால் வழுக்குகிறது.

இதுவரை எல்லா மெக்கானிக்கும் பார்ப்பதுதான். நான் அடுத்துச் செய்தது ஹேண்டிலைத் திருப்பினது. வலப்பக்கம் முழுசாகத் திருப்பினேன், லீவர் தானாகவே விறைத்தது! என் நடு மண்டையில் அப்போதுதான் பல்பு எரிந்தது. முதுகுவலி முதுகுவலி என்று போன தீபாவளிக்கு ஹேண்டிலுக்கு அடியில் அதை உயர்த்துகிற 25 மில்லிமீட்டர் ரைசர் கட்டை மாட்டினேன் இல்லையா? கைப்பிடி உயர்ந்தது, கேபிள் பழைய நீளத்திலேயே இருந்தது. நேர்ரோட்டில் அரைகுறையாய் வழுக்கியது, வளைவில் திரும்பத் திரும்ப மோசமானது. பாவம், பிளேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேலேயும் கீழேயும் அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பார்த்தேன், நேராக வைத்தால் ஆட்டம் வந்தது, திருப்பினால் போய்விட்டது. நீளமான கேபிள் போட்டேன், தீர்ந்தது. வாடை வந்துவிட்டதே என்று கிளட்ச் கவரையும் திறக்கச் சொன்னேன். ஃபிரிக்‌ஷன் பிளேட் அளவு சரியாகவே இருந்தது. ஸ்டீல் பிளேட்டில் இரண்டு மட்டும் நீலம் பாரித்திருந்தது. கண்ணாடி மேல் வைத்து, இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தால் ஓரத்தில் உள்ளே போனது, அதாவது பிளேட் வளைந்திருந்தது. அந்த இரண்டை மட்டும் மாற்றினோம். செட்டாக மாற்றியிருந்தால்? கேபிள் அப்படியே இருந்திருக்கும், புதுசும் கருகியிருக்கும்.

இப்போது உன் கதை. உன் வண்டிக்கு ரைசர் கிடையாது, தெரியும். ஆனால் அதே கடிதத்தில், கிளட்ச் புலம்பலுக்கு நாலு வரி மேலே, மகன் காருக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருந்ததை வண்டிக்கு ஊற்றி மிச்சம் பிடித்ததாகப் பெருமையாக எழுதியிருந்தாயே, அதை நீயே மறுபடி படித்தாயா?

நம் வண்டி கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது. காருக்கு அப்படி இல்லை. அதனால் மைலேஜுக்காகக் கார் ஆயிலில் வழுக்கும் சரக்கு சேர்ப்பதுண்டு, அது நம் கிளட்சையும் வழுக்க வைக்கும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்களில் பெரும்பாலும். பின்லேபிளில் வட்ட முத்திரைக்குள் 'எனர்ஜி கன்சர்விங்' அல்லது 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றிருந்தால் அது உனக்கில்லை. நமக்கு வேண்டியது டப்பாவில் ஜாசோ எம்ஏ என்கிற ஜப்பான் தரக்குறி. 2006-லிருந்து அதைப் பிரித்து எம்ஏ1, எம்ஏ2 என்றும் போடுகிறார்கள். உன் மேனுவலில் எது என்று பார்த்துக்கொள். எம்பி என்றிருந்தால் தொடாதே, அது ஸ்கூட்டருக்கு.

முதலில் லீவர் ஆட்டத்தைப் பார், ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பியும் பார். சரியாக இருந்தால் ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, சரியான ஆயில் ஊற்று. பிளேட் பழைய ஆயிலை உறிஞ்சி வைத்திருக்கும், ஒரு முறை மாற்றினதில் சரியாகாமல் போகலாம். 300, 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றிப் பார். அப்புறம் காலி ரோட்டில் டாப் கியரில் 50-இல் போய் முழுசாக முறுக்கு. முள் இரண்டும் சேர்ந்து ஏறினால் செட் காசு மிச்சம். ஏறாவிட்டால் மெக்கானிக் சொன்னதுதான் சரி, திற. பிரேக்கைப் பிடித்து இன்ஜினை உறுமவிட்டுச் சோதிப்பதை மட்டும் வேண்டாம் என்பேன், அதில் ஒரு தடவைக்கு ஒரு பிளேட் கருகும்.

முழங்கால் எப்படி இருக்கிறது? வரும்போது வண்டியிலேயே வா, பஸ்ஸில் வந்தால் உன்னை வாசலில் நிற்க வைப்பேன். பாக்கி 31 வளைவு எனக்கு இன்னும் கடன் இருக்கிறது.

உன் பழைய ரூம்மேட்

பின்குறிப்பு: ஆயில் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதே. பின்லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு, சிரித்துக்கொள்கிறேன்.