காமெடி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இயக்குநர் வி.சேகர் படங்களென்றால் டிவியில் இப்போது காமெடித் துண்டுகள்தான். பழைய வட ஆர்க்காட்டின் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் அவர். 'வரவு எட்டணா செலவு பத்தணா' (1994) தலைப்பிலேயே மாதக் கடைசி தெரியும். 'விரலுக்கேத்த வீக்கம்' (1999) படத்தில் புருஷன்கள் பொறுப்பில்லாமல் திரிய, பெண்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி விடும் நேரத்தில் பஸ் ஏறிப் பாருங்கள். குழுக் கடன், சீட்டு, பிள்ளைக்கு ஃபீஸ் என்று இன்னும் வாங்காத சம்பளத்தை வேலை முடிந்து வரும் பெண்கள் விரல்விட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். படங்களில் வசனமும் அழுகையும் கொஞ்சம் தூக்கல்தான், சரி. ஆனால் வீட்டுக் கணக்கை இவ்வளவு விவரமாகத் திரையில் பேசியவர்கள் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வெட்டாமல் முழுப்படமாகப் போடட்டும்.

- ஒரு வாசகி, குடியாத்தம்