உங்கள் பில்லை ஏன் சாட்பாட்டில் போடுவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "சாட்ஜிபிடி கணக்கை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது, உங்களுக்கு ஏன் இரண்டு நாள்?" என்று ஜவுளிக் கடைக்காரர்கள் பலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

உங்கள் பான், ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், விற்பனைப் பில் எதையும், சாட்ஜிபிடி போன்ற வெளிநாட்டு சாட்பாட் (கேட்டதற்குப் பதில் தரும் ஏஐ செயலி) எதிலும் நாங்கள் ஏற்றுவதில்லை. ஏற்றவும் மாட்டோம்.

2025 பிப்ரவரியில் தென் கொரியா சீனாவின் டீப்சீக் என்ற சாட்பாட் செயலியைப் புதிதாகத் தரவிறக்க விடாமல் நிறுத்தியது. விசாரித்தபோது, மக்கள் அதில் தட்டிய கேள்விகளே அவர்களின் ஒப்புதல் இல்லாமல் பெய்ஜிங்கிலுள்ள வேறொரு நிறுவனத்துக்குப் போயிருந்தது தெரியவந்தது. அமெரிக்கச் செயலி என்றால் கவலையில்லை என்றும் எண்ண வேண்டாம். 2023-இல் இத்தாலி சாட்ஜிபிடியையே சுமார் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. நம் நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில் தன் ஊழியர்களிடம், அலுவலகக் கணினிகளில் இந்த இரண்டையும் தவிர்க்கச் சொன்னது. வரித்துறை அந்த அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. அவர்களே தவிர்ப்பதை உங்கள் காகிதங்களை வைத்து நாங்கள் எப்படிச் செய்வது?

சட்டமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் படிப்படியாக அமலாகின்றன. உங்கள் தரவை நாங்கள் யாரிடம் கொடுத்து வேலை வாங்கினாலும் பொறுப்பு எங்களுடையதே. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கலிபோர்னியாவில் இருக்கும் நிறுவனத்தைத் தேடி நீங்கள் போக முடியாது. எங்கள் வாசல் உங்களுக்குத் தெரியும்.

இலவசத்தோடு போட்டி போடுவது எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்குக் கடினம்தான். 2025-இல் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ சேவையை ஓராண்டும், ஜியோ கூகுளின் ஜெமினி சாட்பாட்டை 18 மாதமும் இலவசமாகக் கொடுத்தன. ஓப்பன்ஏஐ நிறுவனமும் தன் சாட்ஜிபிடி கோ திட்டத்தை ஓராண்டு சும்மா தந்தது. அவ்வளவு பணம் இறைக்கும் நிறுவனங்களுக்கு இந்தியப் பயனரின் பழக்கம் வேண்டியிருக்கிறது. பத்து பேர் வேலை செய்யும் உள்ளூர் மென்பொருள் நிறுவனம் இதற்கு எப்படி ஈடுகொடுக்கும் என்ற கவலை எங்களுக்கு உண்டு. அதனால்தான் கணக்குக்கு நம் நாட்டு மென்பொருளையே, எங்கள் அலுவலகக் கணினியிலேயே வைத்துப் பயன்படுத்துகிறோம்.

பொதுவான சந்தேகங்களைச் சாட்பாட்டிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பதிலைச் சரிபார்க்காமல் பில் போடாதீர்கள். ஆயத்த ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ஆக உயர்ந்தது 2025 செப்டம்பர் 22-இல்தான். அதற்குமேல் விலையுள்ள உருப்படிக்கு 18 சதவீதம். பழைய விவரத்தை வைத்துப் பதில் வந்தால், நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

வாட்ஸ்அப்பில் பில் அனுப்புகிறவர்கள் எங்கள் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். அதே திரையில் இருக்கும் மெட்டா ஏஐ என்ற சாட்பாட்டுக்கு அனுப்புவது, நமக்குள் போகும் செய்தியைப் போல மறையாக்கம் (வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதில்லை. பழைய கோப்புகளை எங்கள் கணினியிலிருந்து நீக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை போக மற்றதை நீக்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு அலுவலகத்தார்,
ஈரோடு