மோடத்துக்கும் வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கணினிகளைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், வீட்டில் 'புல்லட்டின் போர்டு' (மற்றவர்கள் தொலைபேசி வழியே அழைத்துச் செய்தி எழுதிப் படிக்கும் கணினிப் பலகை) நடத்த, கணினித் தரவை ஒலியாக்கி அனுப்பும் மோடத்தைத் தொலைபேசி லைனில் செருகினால் போதும், 56 கே (வினாடிக்கு 56,000 பிட்) வேகம் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேகம் வர வேண்டுமானால், எதிர்முனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டல் முறையில் இணைந்திருக்க வேண்டும். இரு பக்கமும் சாதாரண வீட்டு லைன் என்றால் 33,600-தான் உச்சம். நான் 14,400-க்கு மேல் ஆசைப்படுவதே இல்லை. வெறும் எழுத்து ஓடும் பலகைக்கு அது தாராளம்: ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்ற கணக்கில் வினாடிக்கு 1,440 ஆங்கில எழுத்துகள், அதாவது 80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட முழுத் திரை ஒன்றரை வினாடிக்குள் நிரம்பிவிடும். 1978-இல் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பலகையைத் திறந்தபோது, 300 வேக மோடத்தில் வினாடிக்கு 30 எழுத்துகள்தான் வந்தன. அதிலேயே ஊர்க்கதை எல்லாம் பேசினார்கள்.

மோடத்தை அமைப்பது பெரிய வித்தை இல்லை. எத்தனையாவது மணியில் அழைப்பை எடுக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் அதன் எஸ்0 பதிவேட்டில் 1 என்று எழுதினால் முதல் மணியிலேயே அது அழைப்பை எடுத்துவிடும். வீட்டுக்கு ஒரே எண் என்றால் பகலில் அதை 0 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் அழைக்கும்போது அவர்கள் காதில் மோடம் கீச்சிடும், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அழைப்பவர் பக்கம், டயல் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்லும் எக்ஸ்3 கட்டளை தேவைப்படலாம். வெளிநாட்டு மோடம்கள் பல, நம் டயல் டோனை அடையாளம் காணாமல் லைனே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். கால் வெயிட்டிங் வசதியை நிறுத்திவிடுங்கள். நடுவில் வரும் ஒரு 'பீப்' போதும், இணைப்பு அறுந்துவிடும். லினக்ஸில் சிங்க்ரோநெட் போன்ற பலகை மென்பொருள்கள் இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன.

உண்மையான தொல்லை லைனில்தான். எங்கள் தெருவில் செம்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை கொடுத்தார்கள். "அதே எண், அதே போன், எதுவும் மாறாது சார்" என்றார் வந்த இளைஞர். பேச்சைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். மோடமோ கீச்சிட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் இணைப்பு இல்லை என்று கைவிரிக்கிறது.

காரணம் எளியது. கண்ணாடி இழையோடு வந்த புதிய பெட்டி குரலைச் சிறு பொட்டலங்களாக நறுக்கி இணையவழி அனுப்புகிறது. ஜி.729 என்ற குரல் குறியாக்க முறையில் சுருக்கினால் மனிதக் குரல் பிழைக்கும், மோடத்தின் ஒலி சிதைந்துவிடும். ஜி.711 என்ற இன்னொரு முறை அப்படிச் சுருக்காமல் அனுப்புவதால், அதில் மோடத்துக்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. அதோடு மௌனமான இடங்களை வெட்டும் வசதியையும் நிறுத்த வேண்டும். எதிரொலியை நீக்கும் வசதி, மோடம் முதலில் எழுப்பும் 2,100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டதும் தானே விலகிக்கொள்ள வேண்டும். பொட்டலங்கள் முன்பின்னாக வந்தால் 9,600-க்கு வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை பெட்டிக்குள் இருக்கும் அமைப்புகள், கடவுச்சொல் நிறுவனத்திடம். சேவை மையத்தில் கேட்டால், பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்கிறார்கள்.

என்னைப் போன்ற நாலு கிறுக்கர்களின் பொழுதுபோக்குக்காக யாரும் சட்டம் போட வேண்டாம். ஆனால் ஃபேக்ஸ் வைத்திருக்கும் மருத்துவமனைகளும், தொலைபேசி வழி இயங்கும் பழைய திருட்டு எச்சரிக்கைக் கருவிகளை வைத்திருக்கும் கடைகளும் இதே குழியில் விழக்கூடும். செம்பை அகற்றும் முன், புதிய இணைப்பு எந்த முறையில் குரலை அனுப்பும் என்பதை நிறுவனங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு வரியில் அச்சிட வேண்டும். கேட்பவர்களுக்கு ஜி.711-ஐ வைத்துக் கொடுக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் விரிவுரையாளர்,
திருச்சி