ஜெட்டில் கம்பி விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்போருக்காக இதை எழுதுகிறேன். என் வண்டியின் சோலெக்ஸ் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பிரித்த மெக்கானிக், அதில் பெட்ரோலை அளவோடு விடும் நுண்துளை கொண்ட பித்தளை மெயின் ஜெட் அடைத்திருந்ததால், அதை இரும்புக் கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட்டார். பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்ததால் புகை கறுத்தது, மைலேஜும் குறைந்தது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்திருந்தாலே போதும். இப்போது விற்கப்படும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவைப்பதால், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தையும் பெட்ரோல் குழாய்களையும் அதைத் தாங்கும் வகையாக மாற்றுவது அவசியம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையைக் காதருகே குலுக்கி, அது ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் தளும்புகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஐட்லிங்கின்போது பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகை, இன்ஜின் நன்கு சூடான பிறகே, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் சீராகி வேகம் உச்சத்தைத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். சோக்கை (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் அடைப்பு) இழுத்துவைத்துக்கொண்டு குளிர்ந்த இன்ஜினில் செய்வதை நான் டியூனிங் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்