ரத்த மருத்துவரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்ரிக் முடித்து டாக்டருக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதயம், கண், தோல், எலும்பு எல்லாம் இருந்தன. ரத்தப் புற்றுநோய் மருத்துவத்தை மட்டும் காணோம். நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு எழுவதில்லை. சொந்தமாகக் கிளினிக் போட்டு உட்கார முடியாத படிப்பு என்பதாலோ என்னவோ!

டர்பனில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மற்ற டாக்டர்களுக்கு எங்கள் ரிப்போர்ட் கைக்குப் போனால் போதும். ரத்த நோய் நிபுணர் மட்டும் தாமே இறங்கி வந்து மைக்ராஸ்கோப் முன் உட்காருவார். ஊதாச் சாயம் ஏற்றிய சிலைடில் முதிராத வெள்ளணுக்கள் பெரிது பெரிதாகத் தெரியும். சிலவற்றுக்குள் சிவப்பாக ஊசி மாதிரி ஒரு கோடு கிடக்கும். ஆவர் ராட் என்போம்; ஒரு வகை ரத்தப் புற்றுநோயின் அடையாளம் அது. அதைப் பார்த்துவிட்டால் அவர் முகமே மாறிவிடும். அப்புறம் மாடியேறி, நோயாளியின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பவரும் அவர்தான். குடும்பத்தாரை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்பவரும் அவர்தான்.

இந்தத் துறையில் ஆராய்ச்சியும் வைத்தியமும் ஒட்டியே வளர்ந்ததற்கு, சிலைடைப் பார்ப்பவரும் வைத்தியம் செய்பவரும் ஒருவரே என்பதும் ஒரு காரணம் என்பேன். மஜ்ஜையில் தொடங்கி மெதுவாக வளரும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்த நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறான ஒரு குட்டிக் குரோமோசோமை (மரபணுக்களைச் சுமக்கும் இழையை)க் கண்டார்கள். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது அது என்று 1973இல் சிகாகோவில் காட்டியவர் ஜேனட் ரௌலி என்ற மருத்துவர். குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வெட்டி அடுக்கிப் பார்த்த அம்மா அவர். அந்தக் கோளாறு உண்டாக்கும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிரையன் ட்ரூக்கர் என்ற ரத்தப் புற்றுநோய் மருத்துவர் அதற்காகப் பல வருஷம் போராடினார். முன்பெல்லாம் சில வருஷங்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோன நோய். இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பேரப்பிள்ளை எடுத்தவர்கள் உண்டு.

சரி, இங்கே தென்னாப்பிரிக்காவில் படிப்பு நீளம்தான். மருத்துவப் பட்டம் 6 வருஷம், இன்டர்ன் 2, சமூக சேவை 1, பொது மருத்துவத்தில் ரெஜிஸ்ட்ரார் என்கிற நிபுணர் பயிற்சி 4, அதற்கு மேல் ரத்தத் துறையில் 2. தடங்கல் இல்லாமல் போனாலே 15 வருஷம். ஆனால் இன்டர்ன் காலத்திலிருந்தே சம்பளம் வந்துவிடும். பெற்றோர் பயப்படுவது அங்கேதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அடுத்த இதழில் இந்தப் பிரிவுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் லேப் பையன்களுக்கும் அதில் ஒரு வரி இருந்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் ஊழியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்