முழு வருகைப் பரிசை நிறுத்திவிடுங்கள்

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஒரு நாள்கூட லீவு எடுக்காத பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் கோப்பை கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அந்தக் கோப்பைக்காகக் காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் பனடோல் கொடுத்தால் சில மணி நேரம் சூடு இறங்கும், ரீசஸ் முடிவதற்குள் திரும்ப ஏறும். அதற்குள் ஜன்னல் மூடிய வேனில் நெருக்கி உட்கார்ந்தவர்களுக்கும் பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் கிருமி போய்ச் சேர்ந்துவிடும்.

2025 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா என்னும் ஃபுளு மலேசியா முழுக்கப் பள்ளிகளில் பரவி, சிலவற்றை மூட வேண்டி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குளிர்காலமே இல்லாத நம் ஊரில் இந்தக் கிருமிக்கு ஓய்வு கிடையாது. ஆண்டு முழுக்க இருக்கும், சில மாதங்களில் சட்டென்று கூடும்.

“வெறும் சளிக்காய்ச்சல்தான் மிஸ்ஸி” என்பார்கள் தாய்மார்கள். பல நேரம் அது உண்மைதான். சாதாரணச் சளி மெல்லத் தொடங்கும். தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், தும்மல் வரும், ஆனால் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். ஃபுளு அப்படியல்ல. மதியம் ஓடியாடிய பிள்ளை இரவில் 39 டிகிரி காய்ச்சலோடு, உடம்பெல்லாம் வலிக்கிறதென்று சுருண்டு படுத்துவிடும். வறட்டு இருமல் இருக்கும், சிறு பிள்ளைகள் வாந்தியும் எடுப்பார்கள். கோவிட்டை இதிலிருந்து அறிகுறியை வைத்து மட்டும் யாராலும் பிரிக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகச் சோதிக்கும் கிட் பார்மசியில் கிடைக்கிறது. சீக்கிரம் சோதிப்பதில் பலன் உண்டு: ஃபுளுவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை வற்புறுத்துவது வீண், வைரஸை அது தொடாது.

சளியும் இருமலும் இல்லாமல் கடுங்காய்ச்சல் மட்டும் அடித்தால் டெங்கியை நினைக்க வேண்டும். உடனே இரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியடையும் அந்த நாள்தான் டெங்கியில் மிகவும் கவனிக்க வேண்டிய நாள். புகைமூட்டக் காலத்தில் தொண்டை எரிவதும் கண் கரிப்பதும் வேறு, அதில் காய்ச்சல் வராது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வீட்டில் இருக்கும் கைக்குழந்தைகள். அக்காளுக்கு மூக்கொழுகலாக வந்துபோகும் ஆர்.எஸ்.வி வைரஸ், தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு நெஞ்சை அடைத்துவிடும். மூச்சு விடும்போது விலா உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் தவித்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் தாய் தந்தையரின் சிரமம் எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய்க்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுக்க மாட்டார்கள். பாட்டியிடம் விட்டால், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள பாட்டிக்கு அதே ஃபுளு நிமோனியாவாக மாறலாம். அதனால்தான் ஃபுளு தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள் என்கிறேன். ஆறு மாதம் நிறைந்த யாரும் போட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை போட வேண்டும், பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

கோப்பைக்குச் செலவாகும் பணத்தில் அலுவலக அறைக்கு நல்ல தெர்மோமீட்டரும் முகக்கவசமும் வாங்கி வையுங்கள். வேன் ஓட்டுநர்களிடம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஃபுளு வந்த பிள்ளை ஐந்து முதல் ஏழு நாள் வீட்டில் இருக்கட்டும், விட்டுப்போன பாடத்தை ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும்.

அடுத்து வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெற்றோருக்கு விளக்கம் சொல்ல ஆள் தேவையென்றால் அழையுங்கள், சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளிக்கும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த்